எத்தனை எம்.பி.பி.எஸ் என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே ஜங்ஷன் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். கரண்ட் கம்பம், டீக்கடை ஷட்டர், ஜெராக்ஸ் கடைச் சுவர் என்று ஒன்றையும் விடாமல் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். 50 எம்.பி.பி.எஸ், 100 எம்.பி.பி.எஸ், 300 எம்.பி.பி.எஸ்... (டாக்டர் படிப்பு இல்லைங்க, அதுக்கு நீட் எழுதணும். இது மெகாபிட் பெர் செகண்ட் :-) ) அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "கேமிங்குக்கு ஏற்றது".

எனக்குச் சண்டை அந்தக் கடைசி வரியோடுதான். 300 எம்.பி.பி.எஸ் இருப்பதாலேயே ஒரு இணைப்பு கேமிங்குக்கு ஏற்றதாகிவிடாது. அந்த இரண்டுக்கும் இருக்கிற சம்பந்தம் ரொம்பக் கம்மி. இது தெரிந்தே விற்கிறார்கள், நாமும் நம்பி வாங்குகிறோம். நம்ம அப்பாக்கள் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு மணி நேரம் வாலரன்ட்டோ கவுன்டர்-ஸ்டிரைக்கோ ஆடினால் செலவாகிற டேட்டா சில நூறு எம்.பி. 300 எம்.பி. என்றே வையுங்கள். அதை 3600 செகண்டுக்குப் பிரித்தால் முக்கால் எம்.பி.பி.எஸ் கூட வராது! கேம் அனுப்புவதெல்லாம் பொடிப் பொடி செய்திகள். "நான் இங்கே நிற்கிறேன், இந்தப் பக்கம் பார்க்கிறேன், இப்போது சுட்டேன்", அவ்வளவுதான். படமும் சத்தமும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே தயாராகின்றன. யூடியூப் மாதிரி படம் ஒன்றும் கம்பி வழியாக வருவதில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். 50 ஜி.பி. கேமை இறக்க 50 எம்.பி.பி.எஸ் இணைப்பில் இரண்டேகால் மணி நேரம், 300-ல் இருபத்திரண்டு நிமிடம். அங்கே அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் படம் பார்த்தாலும் உண்டு. ஆனால் இறக்கி முடித்து ஆட உட்கார்ந்த பிறகு உங்கள் விதியை எழுதுவது வேறு ஒரு எண். நம்ம ஊர்ச் சுவர் நோட்டீஸ் எதிலும் அந்த எண்ணை நான் பார்த்ததில்லை.

அதுதான் பிங். நீங்கள் பட்டனை அமுக்கிய செய்தி சர்வருக்குப் போய், பதில் திரும்பி வர ஆகும் நேரம். மில்லிசெகண்டில் சொல்வார்கள். வாலரன்ட் சர்வர் ஒரு செகண்டுக்கு 128 தடவை ஆட்டத்தைக் கணக்குப் பார்க்கிறது, அதாவது கிட்டத்தட்ட 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. உங்கள் செய்தி 80 மில்லிசெகண்ட் பிந்தினால் பத்துக் கணக்கு முடிந்த பிறகு நீங்கள் போய்ச் சேர்கிறீர்கள். சர்வர் கொஞ்சம் ஈடுகட்டத்தான் செய்யும், இருந்தாலும் சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்த பிறகும் செத்துப்போவது இதனால்தான்.

இந்தப் பிங்குக்கு இயற்கை ஒரு எல்லை வைத்திருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும், ஒரு மில்லிசெகண்டுக்கு 200 கி.மீ. விழுப்புரத்திலிருந்து சென்னை சுமார் 160 கி.மீ. போய்வர 320. ஆக ஒளிக்குத் தேவை 1.6 மில்லிசெகண்ட். வழியிலுள்ள கருவிகளுக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை-மும்பை நேர்க்கோட்டிலேயே ஆயிரம் கி.மீ.க்கு மேல், கேபிள் நேர்க்கோட்டில் போகாது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-ல் பார்தியும் சிங்டெல்லும் சேர்ந்து போட்ட ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. போய்வர 32 மில்லிசெகண்ட் ஆகியே தீரும். நீங்கள் 40 எம்.பி.பி.எஸ் வைத்திருந்தாலும் 1000 வைத்திருந்தாலும் ஒளி அதே வேகத்தில்தான் போகும். கூடுதல் பணம் கட்டினால் ஓடிப்போ என்று ஒளியிடம் சொல்ல எந்தக் கம்பெனியாலும் முடியாது.

அதனால் முதல் கேள்வி, நீங்கள் ஆடும் கேமின் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது? வால்வ் கம்பெனி கவுன்டர்-ஸ்டிரைக்குக்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர் வைத்திருக்கிறது. வாலரன்ட்டுக்கு 2020-ல் வந்தது மும்பையில். ஒரே வீடு, ஒரே இணைப்பு, இரண்டு கேமில் இரண்டு பிங். அதைப் பார்த்துவிட்டு "நெட் சரியில்லை" என்று மோடத்தைத் தட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது கேள்விதான் எனக்கு வயிற்றெரிச்சல். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் நாற்பது கி.மீ. கூட இல்லை. இங்கே நான் ஒரு கம்பெனி இணைப்பு, அங்கே நண்பன் வேறு கம்பெனி இணைப்பு. நாங்கள் இரண்டு பேர் மட்டும் நேருக்கு நேர் ஆடினால் செய்தி என்.எச். ஓரமாகவே போய்ச் சேர்ந்துவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. இரண்டு கம்பெனிகளின் வலைகளும் ஒன்றையொன்று சந்திக்கிற இடம் இங்கே கிடையாது. அநேகமாகச் சென்னையில் சந்திக்கும், நேரம் சரியில்லையென்றால் மும்பையில். திண்டிவனம் போக வேண்டியவன் அங்கே நிற்காத எக்ஸ்பிரஸில் ஏறி, எழும்பூரில் இறங்கி, வேறு ரயில் பிடித்துத் திரும்பி வருகிற கதை இது. இப்படி உள்நாட்டுச் செய்திகள் வெளிநாடு சுற்றி வரக்கூடாது என்றுதான் 2003-ல் நிக்ஸி என்ற இணைப்பு மையத்தை ஆரம்பித்தார்கள். சென்னையிலும் அதற்கு மையம் உண்டு. வெளிநாடு சுற்றுவது குறைந்தது. எழும்பூர் சுற்றுவது அப்படியே இருக்கிறது. ஐந்து திசைக்கு ரயில் பாதை பிரிகிற ஜங்ஷன் ஊரில் இணையத்துக்கு ஒரு ஜங்ஷன் இல்லை.

சரி, இதெல்லாம் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பதற்கு வருவோம்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருப்பீர்கள். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். அந்த நேரம் சாலையின் அகலத்தில் ஒரு குறையும் இருக்காது. குறுகலான வாசலில் ஒரே நேரத்தில் எல்லாரும் வந்து முட்டுவதுதான் பிரச்சினை. உங்கள் வீட்டு மோடமும் ஒரு விக்கிரவாண்டி டோல்கேட்தான்.

அம்மா போனில் வளைகாப்பு வீடியோ கூகுள் போட்டோஸுக்கு ஏறிக்கொண்டிருக்கும். போன் முடிந்தவரை வேகமாகத் தள்ளும். மோடம் வந்த பொட்டலத்தையெல்லாம் வாங்கி வரிசையில் அடுக்கும். மோடத்தின் வரிசை 1 எம்.பி. பிடிக்கும் என்றும், உங்கள் அப்லோடு வேகம் 5 எம்.பி.பி.எஸ் என்றும் வையுங்கள். அந்த வரிசை காலியாக 1.6 செகண்ட் வேண்டும். மில்லிசெகண்ட் இல்லை, செகண்ட்! நீங்கள் சுட்ட குண்டு அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. லாரிகளுக்குப் பின்னால் ஒற்றை டூவீலர் மாதிரி.

இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்க இன்ஜினியர் தன் வீட்டு இணையம் ஏன் இப்படித் திணறுகிறது என்று நோண்டப்போய், 2010 வாக்கில் இதை ஊரறியச் செய்தார். மருந்தும் வந்தாயிற்று. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் கோடெல் என்ற முறையைக் கொடுத்தார்கள். அதை வளர்த்து எஃப்க்யூ-கோடெல், கேக் என்றெல்லாம் வந்தன. இவை செய்வது ரொம்ப எளிய காரியம். டோல்கேட்டில் டூவீலர்களுக்கு ஓரத்தில் தனி வழி விட்டிருப்பார்கள் பாருங்கள், அதேதான். சின்னப் பொட்டலங்கள் லாரி வரிசையில் நிற்காமல் ஓரமாகப் போய்விடும். வரிசையும் அளவுக்கு மீறி நீளாது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளில் எஸ்.க்யூ.எம். என்ற பெயரில் இது இருக்கிறது. உங்கள் நிஜ வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு எல்லை வைத்தால் போதும். 100-ல் 10 போகிறதே என்று அழ வேண்டாம், அந்தப் பத்தைக் கொடுத்துத்தான் நிம்மதி வாங்குகிறீர்கள்.

ஆனால் கம்பெனிக்காரர்கள் மாட்டிவிட்டுப் போகிற மோடங்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. இருந்தாலும் பாஸ்வேர்டு தரமாட்டார்கள். கேட்டால், "அதெல்லாம் உனக்கு எதுக்கு தம்பி?"

திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிற என் வகுப்புத் தோழன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். (கம்பெனி பெயர் வேண்டாம்.) ராத்திரி ஒன்பது மணியானால் பிங் 200-ஐத் தாண்டும். ஆள் வந்து பார்த்தார். போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டார். 48 காட்டியது. "லைன்ல ஒண்ணும் பிரச்சனை இல்ல சார். தம்பி கேம் ஆடுதில்ல, 100 பிளான் எடுத்துக்குங்க." அவன் அப்பா எடுத்தார். ஒன்பது மணிக்கு மறுபடி 200. "அப்போ 200 பிளான் போடலாம் சார்." அதையும் போட்டார். அவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார், பையன் படிப்புக்கு ஆகும் என்று நினைத்துப் போட்டார். மூன்றாவது முறையும் அதே கதை ஆனதும், இனிமேல் கேமே வேண்டாம் என்று லேப்டாப்பை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே எண்ணை அவர் நாலு மடங்கு ஆக்கிப் பார்த்துவிட்டார்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். மோடம் வாசல் பக்கம் ஷோகேஸ் மேல், அவன் அறை மாடியில். நடுவில் ஒரு கான்கிரீட் தளம், இரண்டு சுவர். லேப்டாப்பைப் பீரோவிலிருந்து வெளியே எடுக்க அரை மணி நேரம் கெஞ்சினோம். பிறகு கருப்புத் திரையில் பிங் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, மோடத்தின் முகவரி 192.168.1.1 போட்டோம். இணையத்துக்கே போகவில்லை, வீட்டுக்குள் இருக்கிற மோடம் வரைக்கும்தான். 3, 5, 88, 4, 140... மோடத்துக்குப் போய்வரவே 140! வெளியே ஆயிரம் எம்.பி.பி.எஸ் கொண்டுவந்து கொட்டினாலும் இது மாறுமா? இருபது மீட்டர் லேன் வயர் சில நூறு ரூபாய்க்கு வாங்கி ஜன்னல் வழியாக மேலே இழுத்தோம். மோடம் வரை ஒரு மில்லிசெகண்ட் ஆனது. ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் அண்ணன் லேப்டாப்பிலிருந்து ஆபீஸ் ஃபைல்கள் தானாக மேலே ஏறுவது மிச்ச வில்லன். அதை விடியற்காலை மூன்று மணிக்கு மாற்றினோம். மும்பை சர்வர் 31. அடுத்த மாதம் பழைய 50 பிளானுக்கே இறங்கினார்கள். அப்போதும் 31.

இந்த மூன்று படிச் சோதனையை எல்லாரும் செய்யலாம். மோடம் வரை பிங் துள்ளினால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறான். மோடம் வரை சுத்தமாக இருந்து, டிரேஸ்ரூட்டில் கம்பெனியின் முதல் கருவியிலேயே ஏறினால் கம்பெனியின் தெரு லைன். அதுவும் சுத்தம், மும்பை மட்டும் ஏறுகிறது என்றால் கம்பெனி எடுக்கும் பாதை. 8.8.8.8-க்கு நல்ல எண் வருகிறதே என்று ஏமாறாதீர்கள். அந்த முகவரிக்குப் பல ஊர்களில் கருவி உண்டு, பக்கத்தில் இருப்பது பதில் சொல்லிவிடும். ஸ்பீடு டெஸ்டும் அப்படித்தான். பக்கத்து சர்வரைத் தானே தேர்ந்தெடுக்கும், அது பல நேரம் உங்கள் கம்பெனியின் சொந்த சர்வராகவே இருக்கும். மாணவனே கேள்வித்தாள் தயாரித்து, மாணவனே பேப்பர் திருத்துகிற பரீட்சை! அதில் மும்பையைக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

வயர் இழுக்கவே முடியாத வீடு என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் பக்கத்து வீடு, எதிர் வீடு, ப்ளூடூத், மைக்ரோவேவ் எல்லாம் அங்கேதான் கும்மியடிக்கின்றன. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. ஒரு தெருவில் இருபது மோடம் இருந்தால் நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் இந்தப் போலி வைத்தியர்கள். டி.என்.எஸ்ஸை மாற்றினால் பிங் குறையும் என்று மணிக்கணக்கில் வீடியோ போடுகிறார்கள். டி.என்.எஸ் என்பது பெயரைச் சொன்னால் முகவரி சொல்லும் டைரக்டரி. முகவரி தெரிந்து மேட்ச் ஆரம்பித்துவிட்டால் அதற்கு அங்கே வேலை இல்லை. "பிங் பூஸ்டர்" ஆப்கள் உங்கள் செய்தியை வேறு வழியாகத் திருப்பி விடும். உங்கள் கம்பெனி சுற்றுவழியில் போனால் அதிசயமாகப் பலன் தரும், இல்லையென்றால் ஒரு சுற்று கூடும், மாதச் சந்தா தண்டம். ஆறு ஆன்டெனாவும் சிவப்பு விளக்கும் வைத்த "கேமிங் ரூட்டர்" அந்த வரிசை மேலாண்மை இல்லாவிட்டால் வெறும் ஷோகேஸ் பொம்மை.

சர்க்காரும் இதே எண்ணைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கியது. பிராட்பேண்ட் என்றால் என்ன? 2004-ல் 256 கே.பி.பி.எஸ், 2013-ல் 512, 2023-ல் 2 எம்.பி.பி.எஸ். எல்லாம் வேகம். தாமதத்துக்கு விதி இல்லாமல் இல்லை. டிராய் 2006-லேயே எழுதியது, உள்நாட்டு இணைப்பு மையம் வரை 120 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்று! அக்டோபர் 2024-ல் அமலுக்கு வந்த புது விதிகளில் அதை இறுக்கி, ஜிட்டரையும், அதாவது பிங் ஏறி இறங்குவதையும் சேர்த்தார்கள். நல்லது. ஆனால் இந்த எண்கள் கம்பெனிக்கும் டிராய்க்கும் நடுவில் ஓடும் அறிக்கையில் இருக்கின்றன. பணம் கட்டுகிறவர் பில்லில் ஏன் இல்லை? பால் பாக்கெட்டில் கொழுப்பு எவ்வளவு என்று போடுகிறார்கள். இணைய பில்லில் "சென்ற மாதம் இரவு 8 முதல் 11 வரை உங்கள் லைனின் சராசரி தாமதம், அதிகபட்சத் தாமதம்" என்று இரண்டு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? அந்த மோடத்தைக் கம்பெனி தன் ஆபீஸிலிருந்தே பார்க்கிறது, கணக்கு எடுப்பது அவர்களுக்குப் பெரிய காரியம் இல்லை. போட்டால் 300 பிளான் விற்காது, அவ்வளவுதான்.

"கேம் ஆடுறதுக்கு இவ்வளவு அலப்பறையா?" என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. 2023 ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். 2025-ல் பார்லிமென்ட் பண ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் போட்டபோதும் இ-ஸ்போர்ட்ஸை அதிலிருந்து பிரித்து வைத்தது. விளையாட்டு என்று ஒத்துக்கொண்டாயிற்று, மைதானம் சமமாக இருக்க வேண்டாமா? கேமை விடுங்கள். கேம்பஸ் இன்டர்வியூ வீடியோவில் நடக்கிற காலம் இது. நீங்கள் பதில் சொல்லி அது ஒரு செகண்ட் கழித்துப் போய்ச் சேர்ந்து, அதற்குள் எதிராளி அடுத்த கேள்வியை ஆரம்பித்து, இரண்டு பேரும் "சாரி சார், நீங்க சொல்லுங்க" என்று மாற்றி மாற்றிச் சொல்வது இதே பஃபர்ப்ளோட்தான். அங்கே போவது ரேங்க் இல்லை, வேலை.

ஆகவே அடுத்து இணைப்பு எடுக்கிறவர்கள், கடைக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு. ராத்திரி ஒன்பது மணிக்கு மும்பைக்குப் பிங் எவ்வளவு? டவுன்லோடு சரி, அப்லோடு எவ்வளவு? மோடத்தை பிரிட்ஜ் மோடில் போட்டுத் தருவீர்களா, என் சொந்த ரூட்டரை மாட்டிக்கொள்ள? அதே கம்பெனி இணைப்பு வைத்திருக்கிற பக்கத்து வீட்டில் ஒன்பது மணிக்குப் போய் நீங்களே பிங் அடித்துப் பார்ப்பது இன்னும் உத்தமம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை பிங்கை ஓடவிட்டு ஃபைலில் சேமியுங்கள். வயரில் மாட்டித்தான், வைஃபையில் எடுத்தால் முதல் நிமிடமே உங்கள் மேல் பழி திரும்பும். நாலு நாள் ஃபைலோடு புகார் கொடுத்து டாக்கெட் நம்பர் வாங்குங்கள். தீரவில்லையென்றால் ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி இருந்தே ஆக வேண்டும் என்று டிராயின் 2012 விதி சொல்கிறது. அந்த நம்பரோடு அங்கே எழுதுங்கள். "நெட் ஸ்லோ" என்று எழுதினால் பெரிய பிளான்தான் பதிலாக வரும். "மோடம் வரை 1, உங்கள் முதல் கருவி வரை 160" என்று எழுதிப் பாருங்கள்.

பி.கு: மூன்றாம் ஆண்டு 'பி' செக்‌ஷன் மக்களுக்கு, லேன் வயரை முனையில் கிரிம்ப் செய்யும் கருவி என்னிடம் இருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்தால் கடன் தருவேன். எட்டு கம்பியையும் மாட்டுங்கள், நாலோடு விட்டால் 100-க்கு மேல் போகாது.